பதினோரு பயணங்கள், ஐந்து நிறுவனங்கள்: என் இ-சிம் அனுபவம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆண்டுக்கு மூன்று முறையாவது ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும், சில சமயம் சுவிட்சர்லாந்துக்கும் போய்வர வேண்டிய வேலை. 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கி இதுவரை பதினோரு பயணங்களில் இ-சிம்மை, அதாவது தனி அட்டை இல்லாமல் ஃபோனுக்குள்ளேயே பதிவிறக்கி ஏற்றும் சிம்மை, நம்பியே போயிருக்கிறேன். ஐந்து நிறுவனங்களிடம் மாற்றி மாற்றி வாங்கியிருக்கிறேன். எது நல்லது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒற்றைப் பதில் இல்லை, ஏனென்றால் ஒரே நிறுவனம் ஒரு நாட்டில் அருமையாகவும் பக்கத்து நாட்டில் மோசமாகவும் வேலை செய்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு ஜிபி எவ்வளவு என்ற கணக்கை மட்டும் வைத்து நான் வாங்கியவற்றில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு விதத்தில் காலை வாரிவிட்டன என்பதை உறுதியாகச் சொல்வேன்.

இ-சிம்முக்கு முன்பு நானும் மற்றவர்களைப் போல இறங்கிய ஊரில் சிம் வாங்கிக்கொண்டிருந்தவன்தான். ஜெர்மனியில் 2017 ஜூலை முதல் ப்ரீபெய்ட் சிம்முக்கும் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம் என்பதால், கடையில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். அதைவிடப் பெரிய தொல்லை, கழற்றிய இந்திய சிம்மை என்ன செய்வது என்பது. பர்ஸில் செல்லோடேப் போட்டு ஒட்டிவைப்பேன். ஊர் திரும்பி அதை மறுபடி போட்டதும் வங்கிச் செயலி 'சிம் மாறியிருக்கிறது' என்று சொல்லி, என்னைப் புது ஆள் போல மறுபடியும் பதிவு செய்யச் சொல்லும். நம் ஊர் வங்கிச் செயலிகளும் யுபிஐ செயலிகளும், பதிவு செய்த எண்ணுள்ள சிம் அந்த ஃபோனிலேயே இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கமுடையவை. சந்தேகம் வந்தால் அந்த எண்ணிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி உறுதி செய்துகொள்ளும். எனக்கு இ-சிம்மின் முதல் பயன் இதுதான், டேட்டா அதற்கு அடுத்துத்தான்: இந்திய சிம் அதன் இடத்தை விட்டு அசைவதில்லை. வெளிநாட்டில் இருக்கும்போது வங்கிச் செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவும் வேலையை மட்டும் செய்யக் கூடாது, ஏனென்றால் அப்போது போகும் அந்த ஒரு எஸ்எம்எஸ் ரோமிங் கட்டணத்தில் போகும், சமயத்தில் போகவே போகாது.

ஓடிபி விஷயத்தில் நானும் ஒரு முறை சூடுபட்டிருக்கிறேன். இந்திய சிம் ஃபோனுக்குள் இருந்தால் போதும், குறுஞ்செய்தி தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். கொலோனில் ஹோட்டல் வரவேற்பு மேசையில் நின்றுகொண்டு இணையவழியில் அறைக்குப் பணம் கட்ட முயன்றபோது ஓடிபி வரவில்லை. மூன்று முறை அனுப்பச் சொல்லியும் வரவில்லை. ஃபோனின் மேல்பட்டையில் இ-சிம்முக்கு நான்கு கோடுகள் நிமிர்ந்து நின்றன. இந்திய எண்ணுக்கு நேரே 'சேவை இல்லை' என்றிருந்தது. என் ப்ரீபெய்ட் இணைப்பில் சர்வதேச ரோமிங் வசதியே இயக்கப்பட்டிருக்கவில்லை. வீட்டிலிருந்து என் மனைவி சேவை மையத்துக்கு நடந்து, மறுநாள் மதியம்தான் அது சரியானது. அன்றிரவு கையிலிருந்த யூரோ நோட்டுகளைக் கொடுத்துச் சமாளித்தேன். இப்போதெல்லாம் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே ரோமிங் இயங்குகிறதா, திரும்பி வரும் நாள் வரை ரீசார்ஜுக்கு வேலிடிட்டி இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். வரும் குறுஞ்செய்திகளுக்கு என் எண்ணில் இதுவரை காசு பிடித்ததில்லை. அழைப்பை எடுத்தால் மட்டும் பிடிக்கும். கிரெடிட் கார்டு விற்பவரின் அழைப்பை மாட்ரிட்டில் எடுத்துப் பேசிய ஒன்றரை நிமிடத்துக்கு நான் கொடுத்த விலை இன்னும் வலிக்கிறது.

அடுத்து, ரோமிங் பொத்தான். பயண இ-சிம் பெரும்பாலும் வேறொரு நாட்டு நிறுவனத்தின் சிம்தான்; ஜெர்மனியில் அதுவும் நம்மைப் போல ஒரு விருந்தாளி. ஆகவே அதற்கு டேட்டா ரோமிங்கை ஆன் செய்தே ஆக வேண்டும், இந்திய சிம்முக்கு ஆஃப் செய்தே ஆக வேண்டும். என்னோடு முதல் முறை வந்த சக ஊழியர், ரோமிங் என்ற சொல்லைக் கண்ட பயத்தில் இரண்டையும் அணைத்துவிட்டு, வாங்கிய இ-சிம் போலி என்று ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் ஒரு மணி நேரம் புலம்பினார். அதோடு நிற்கவில்லை. கோளாறு என்று நினைத்து அந்த இ-சிம்மையே ஃபோனிலிருந்து அழித்துவிட்டார். இ-சிம்மை ஏற்றுவதற்குத் தரும் கியூஆர் கோடு பொதுவாக ஒரு முறைதான் செல்லும் என்பது அவருக்குத் தெரியாது. மறுபடி முழு விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. ஐஃபோனில் டேட்டாவை ஒரு சிம்மிலிருந்து மற்றொன்றுக்குத் தானாக மாற்றிக்கொள்ளும் தேர்வு ஒன்று உண்டு. அதையும் நான் அணைத்தே வைக்கிறேன்.

'ஐரோப்பா பிளான்' என்ற பெயரை நம்பக் கூடாது என்பதைச் சொல்லித் தந்தது ஒரு டிராம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து ஹோட்டல் வாடகை எங்கள் கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது என்பதால், எல்லைக்கு இந்தப் பக்கம், ஜெர்மனியின் வைல் அம் ரைன் ஊரில் தங்குவது வழக்கம். அங்கிருந்து எட்டாம் எண் டிராமில் ஏறினால் நாடு மாறுவதே தெரியாமல் பாசலுக்குள் போய் இறங்கலாம். அன்று எங்களிடம் துணி வாங்கும் பையரின் அலுவலக முகவரியைக் கூகுள் மேப்ஸில் திறந்து வைத்துக்கொண்டு ஏறினேன். எல்லை தாண்டியும் சிறிது நேரம் ஜெர்மன் டவரே பிடித்துக்கொண்டிருந்தது. ஆற்றை நெருங்கும்போது டேட்டா நின்றுவிட்டது. வரைபடத்தில் தெருக்கள் வரவில்லை, வெறும் சாம்பல் நிறக் கட்டங்கள். நான் வாங்கியிருந்த பிளானில் ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளும் இருந்தன. ஒன்றியத்தில் சேராத சுவிட்சர்லாந்து இல்லை. ஒன்றிய நாடுகளுக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கூடாது என்ற விதி 2017 ஜூன் 15 முதல் நடப்பில் இருக்கிறது. அந்தக் குடைக்கு வெளியே நிற்கிற சுவிட்சர்லாந்து, பிரிட்டன், துருக்கி ஆகியவற்றைச் சேர்ப்பதும் விடுவதும் விற்பவர் விருப்பம். நாற்பது நாடு என்று எண்ணிக்கை போட்டிருந்தாலும் நான் போகும் நாட்டின் பெயர் பட்டியலில் எழுத்தில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்காமல் இப்போது வாங்குவதில்லை. துருக்கிக்குப் போகும் நண்பர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன்: 2025 ஜூலையில் அங்கே பல வெளிநாட்டு இ-சிம் நிறுவனங்களின் தளங்களை முடக்கினார்கள், ஆகவே இறங்கிய பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு கதை உண்டு. 2024 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவின்படி ஏராலோ, ஹோலாஃப்லை ஆகிய இரண்டு இ-சிம் நிறுவனங்களின் செயலிகளும் இந்தியாவில் ஆப்பிள், கூகுள் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டன. வெளிநாட்டு சிம்மை இங்கே விற்பதற்குத் துறையின் தடையில்லாச் சான்றும், வாங்குபவரின் பாஸ்போர்ட் நகல் உள்ளிட்ட ஆவணங்களும் வேண்டும் என்பதே காரணம். அதற்குப் பிறகு பாஸ்போர்ட்டையும் விசாவையும் பதிவேற்றச் சொல்லும் நிறுவனத்தைக் கண்டு நான் எரிச்சல்படுவதில்லை.

வேலிடிட்டி எப்போது தொடங்குகிறது என்பது விலைக்குச் சமமான விஷயம். சில பிளான்கள் ஃபோனில் ஏற்றிய நொடியிலிருந்து ஓடும். சில, பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு நாட்டு நெட்வொர்க்கை முதல் முறை தொட்டதும் ஓடும். இரண்டாவது வகை நல்லது என்று நினைத்து ஏழு நாள் 'குளோபல்' பிளான் ஒன்றை வாங்கிக் கோவையிலிருந்து கிளம்பினேன். இடையில் அபுதாபியில் இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தபோது, விமானப் பயன்முறையை எடுத்ததும் அது அங்கேயே இணைந்து கணக்கைத் தொடங்கிவிட்டது. கடைசி நாள் காலை ஃபிராங்க்ஃபர்ட்டில் ரயில் டிக்கெட்டைத் திறக்க முடியாமல் நின்றபோதுதான் காரணம் புரிந்தது. இப்போது இ-சிம்மை வீட்டு வைஃபையிலேயே ஏற்றிவிட்டு, அந்த இணைப்பை மட்டும் அணைத்து வைத்து, இறங்கும் ஊரில்தான் உயிர் கொடுக்கிறேன்.

பலரும் கவனிக்காத ஒன்று, நம் டேட்டா எந்த ஊர் வழியாகப் போகிறது என்பது. பார்சிலோனாவில் ஒரு முறை வேகச் சோதனை நொடிக்கு 40 மெகாபிட் அளவில் காட்டியது. ஆனால் திருப்பூர் அலுவலகத்தோடு வீடியோவில் பேசும்போது நான் கேட்டு முடித்து, பதில் வராமல், மறுபடி கேட்கத் தொடங்கும் நேரத்தில் பதில் வந்தது. கூகுளில் தேடினால் விலைகள் சிங்கப்பூர் டாலரில் வந்தன. அந்த இ-சிம்மின் டேட்டா பார்சிலோனா டவரிலிருந்து நேரே இணையத்துக்குப் போகாமல், சிங்கப்பூருக்குப் போய் அங்கிருந்து வெளியேறிக்கொண்டிருந்தது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போய்த் திரும்புவதற்குக் கண்ணாடி இழையில் ஒளிக்கே நூறு மில்லி நொடிக்கு மேல் ஆகும். வழியில் உள்ள கருவிகளின் தாமதத்தையும் சேர்த்து எனக்கு 280 காட்டியது. மின்னஞ்சலுக்கும் வரைபடத்துக்கும் இது தெரியவே தெரியாது, பேச்சுக்குத்தான் வினை. அதே சுற்றுவழி சீனாவில் வரமாகிறது: ஷாங்காய் கண்காட்சிக்குப் போயிருந்தபோது, டேட்டா வெளியே போய் இணையத்தைத் தொட்டதால் வாட்ஸ்அப்பும் ஜிமெயிலும் சாதாரணமாக வேலை செய்தன, ஹோட்டல் வைஃபையில் அவை திறக்கவில்லை.

'அன்லிமிடெட்' வகையை இரண்டு முறை வாங்கிவிட்டு நிறுத்திவிட்டேன். ஒன்றில் நாளுக்கு 2 ஜிபி தாண்டியதும் வேகம் நத்தையானது. மற்றொன்றில் ஹாட்ஸ்பாட் வேலை செய்யாததால் லேப்டாப்பில் ஸ்பெக் ஷீட் அனுப்ப முடியவில்லை. உண்மையில் எனக்கு அவ்வளவு தேவையும் இல்லை. என் ஃபோன் கணக்கின்படி ஒரு வாரப் பயணத்துக்கு மூன்று முதல் நான்கு ஜிபி போதும், புகைப்படங்களைத் தானாக மேகத்தில் ஏற்றும் வசதியை அணைத்திருந்தால். அணைக்க மறந்த ஒரு நாளில், ஷோரூமில் துணி நெருக்கத்தில் எடுத்த வீடியோக்களெல்லாம் இரவோடிரவாக மேலே ஏறி, காலையில் 2 ஜிபி காணாமல் போயிருந்தது.

ஒரே நெட்வொர்க்கை மட்டும் தொடும் பிளானுக்கும் இரண்டு மூன்றைத் தொடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஜெர்மன் ரயிலில் பார்க்கலாம். அங்கே 3ஜி சேவையை 2021லேயே மூடிவிட்டார்கள். ஆகவே 4ஜி கைவிட்டால் நேரே 2ஜிதான். மேல்பட்டையில் ஓர் ஒற்றை ஆங்கில எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும், வாட்ஸ்அப் செய்திக்குப் பக்கத்தில் கடிகாரப் படம் நகராமல் நிற்கும். இரண்டு நெட்வொர்க் உள்ள இ-சிம் என்றால் செட்டிங்ஸில் கையால் மற்றொன்றைத் தேர்ந்தெடுத்துத் தப்பிக்கலாம்.

இ-சிம்தான் எப்போதும் சிறந்தது என்று நான் சொல்லவில்லை. மூன்று நாள் பயணம், நிறைய அழைப்புகள் என்றால் இந்திய சிம் நிறுவனத்தின் ரோமிங் பேக்கையே போட்டுக்கொள்கிறேன். எனக்கு அது ரூ. 3,000ஐ ஒட்டி வந்தது, 5 ஜிபி ஐரோப்பிய இ-சிம் ரூ. 1,300 முதல் ரூ. 1,700 வரை, ஆனால் பேக்கில் வழக்கமான எண்ணிலேயே பேசலாம், தலைவலி குறைவு. குடும்பத்தோடு சிங்கப்பூர் போனபோது உள்ளூர் நிறுவனத்தின் சுற்றுலாப் பயணி சிம் அதே காசுக்குப் பல மடங்கு டேட்டாவும் ஓர் உள்ளூர் எண்ணும் தந்தது. பயண இ-சிம்களில் பெரும்பாலானவற்றில் எண்ணே கிடையாது. டாக்சி ஓட்டுநர் கூப்பிட வேண்டிய ஊரில் அது ஒரு குறை. ஃபோனுக்கே இ-சிம் வசதி உண்டா என்பதற்கு *#06# அழுத்தினால் போதும், இஐடி என்று 32 இலக்க எண் வந்தால் உண்டு. ஹாங்காங்கில் வாங்கிய ஐஃபோனை வைத்திருந்த ஒரு நண்பருக்கு அது வரவில்லை. இரண்டு சாதா சிம் போடும் மாடல் அது.

அடுத்த மாதம் மறுபடி பாசல் போகிறேன். சுவிட்சர்லாந்தின் பெயர் பட்டியலில் இருக்கும், ஐரோப்பாவிலேயே இணையத்தைத் தொடும், 30 நாள் 5 ஜிபி பிளான் ஒன்றை வாங்கியிருக்கிறேன். ஃபோன் திரையில் இருக்கும் கியூஆர் கோடை அதே ஃபோனால் படம்பிடிக்க முடியாமல் முன்பு ஒரு முறை விழித்ததால், அதையும் கையால் தட்டச்சு செய்ய வேண்டிய முகவரியையும் குறியீட்டையும் அலுவலக பிரிண்டரில் அச்செடுத்து, பாஸ்போர்ட் உறைக்குள், முன்பு செல்லோடேப் போட்ட சிம் இருந்த அதே இடத்தில் செருகிவிட்டேன்.