அசிட்டோன் ஆவியை மீட்கச் சவ்வா, கரிப் படுகையா?

எங்கள் மருந்து மூலப்பொருள் ஆலையின் ரியாக்டர்களிலிருந்தும் தொட்டிகளிலிருந்தும் நைட்ரஜனோடு சேர்ந்து வெளியேறும் அசிட்டோன் ஆவியைப் பிடிக்க, அதை வாயுவிலிருந்து பிரித்தெடுக்கும் மென்படலமான சவ்வு, தன் துளைகளில் ஒட்டவைத்துப் பிடிக்கும் கரித்துண்டுகளின் படுகை என்ற இரண்டு வழிகளையும் அலசி, முடிவில் சவ்வையே பொருத்தினோம். ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

வாயுவைக் குளிர்வித்து ஆவியைத் திரவமாக்கும், ஏற்கெனவே இருந்த சில்லர் கண்டென்சர் மட்டும் போதாது. 0 டிகிரி செல்சியஸிலும் அசிட்டோனின் ஆவியழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 9 விழுக்காடு என்பதால், அதைத் தாண்டிச் செல்லும் ஒவ்வொரு கனமீட்டர் வாயுவிலும் 200 கிராமுக்கு மேல் தப்பிவிடுகிறது.

கரிப் படுகை அதைப் பிடித்துவிடும் என்பதில் ஐயமில்லை. எங்களைத் தயங்க வைத்தது, பிடித்ததைத் திரும்ப எடுக்கும் விதம். வழக்கம்போல் நீராவி செலுத்திக் கரியைப் புதுப்பித்தால், எந்த விகிதத்திலும் நீரில் கரையும் அசிட்டோன் நீரோடு கலந்தே வருகிறது. அதை மீண்டும் வினைக்குப் பயன்படுத்த ஒரு காய்ச்சி வடிக்கும் கோபுரமும், அதற்கு எரிபொருளும், மிஞ்சும் கழிவுநீருக்குச் சுத்திகரிப்பும் தேவைப்படுகின்றன. அதே குழாயில் எத்தில் அசிட்டேட்டும் வந்தால், அதில் ஒரு பகுதி நீராற்பகுப்படைந்து அசிட்டிக் அமிலமாகி உலோகத்தை அரிக்கும். காற்று புகுந்தால் கீட்டோன்கள் கரிப் படுகையைச் சூடேற்றித் தீப்பிடிக்கச் செய்யும் ஆபத்து வேறு. சூடான நைட்ரஜனால் புதுப்பிக்கும் வகையில் நீர்த் தொல்லை இல்லை. ஆனால் அதன் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை.

சவ்வில் நீருக்கு வேலையே இல்லை. துளையுள்ள தாங்குபடலத்தின் மேல் பூசிய மெல்லிய சிலிக்கோன் ரப்பர் அடுக்கில் அசிட்டோன் கரைந்து, நைட்ரஜனைவிடப் பல மடங்கு வேகமாக மறுபுறம் செல்கிறது. அங்கிருந்து வேக்குவம் பம்ப் அதை உறிஞ்சிக் கண்டென்சரின் நுழைவாய்க்கே திருப்பி அனுப்புகிறது. ஆனால் இந்த நன்மை பம்பைப் பொறுத்தது. உள்ளே சுழலும் நீர் வளையத்தால் வாயுவை உறிஞ்சும் நீர்வளைய பம்பை வைத்தால் விரட்டிய நீர் பின்வாசல் வழியே வந்துவிடும் என்பதால், விலை கூடினாலும் உலர் ஸ்க்ரூ பம்பையே வாங்கினோம்; பராமரிப்புச் செலவின் பெரும்பகுதி அதற்குத்தான். உறிஞ்சும் பக்கத்து அழுத்தம் உள்ளே வரும் வாயுவின் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால், எத்தனை உயர்ந்த சவ்வானாலும் மறுபுறத்தில் அசிட்டோனின் செறிவு, உள்ளே வருவதைப்போல் பத்து மடங்கைத் தாண்டாது. சவ்வின் தரத்தைவிட வெற்றிடத்தின் ஆழத்தையே முதலில் விசாரிக்க வேண்டும்.

சவ்வின் ஆயுளைப் பற்றி உறுதியாகச் சொல்ல எங்கள் இரண்டு ஆண்டு அனுபவம் போதாது. திரவத் துளிகள் அதைத் தொடாதபடி முன்னால் துளிநீக்கி மட்டும் வைத்திருக்கிறோம். அச்சு இயந்திர உலர்த்திகள்போல் மிகப் பெருமளவு காற்றில் சிறிதளவு டொலுவீன் வரும் இடத்தில் நானும் கரியையே தேர்ந்தெடுப்பேன். டொலுவீன் நீரிலிருந்து தானாகவே பிரிந்து நிற்கும். எங்கள் சவ்வுக்குப் பின்னும், வெளியேற்ற வரம்பை எட்டுவதற்காக, ஒரு சிறிய கரிக்கலம் இருக்கிறது. அதை நீராவியால் புதுப்பிப்பதில்லை, நிறைந்ததும் மாற்றிவிடுகிறோம்.