மழை வந்தால் யார் எழுந்து மூடுவது? ட்ரெய்லர் கூரைக்கு மூன்று ஃபேன்கள்

இரவு இரண்டு மணிக்கு நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. ஹூஸ்டனுக்கு வடக்கே, சாம் ஹூஸ்டன் தேசிய வனத்தில் கரண்ட் இணைப்பு இல்லாத ஓர் இடத்தில், வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகிற எங்கள் வீட்டு ட்ரெய்லரில் படுத்திருந்தோம். ஜூன் மாதம். கட்டிலுக்கு நேர் மேலே உள்ள கூரை மூடியைத் திறந்து வைத்துத்தான் தூங்க முடிந்தது. “ஏங்க, மூடிடுங்க, மெத்தை நனையுது” என்றாள் மனைவி. மூடினேன். பத்தே நிமிடத்தில் இட்லிக் குண்டானுக்குள் படுத்த மாதிரி ஆகிவிட்டது. மழை விட்டதும் திறந்தேன். நாலு மணிக்கு மறுபடியும் சொட்டு.

அந்தப் பயணம் முடிந்து வீடு வந்ததும் கூரை ஃபேன்களைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். கடைசியில் மூன்று பெயர்கள் மிஞ்சின: ஃபேன்டாஸ்டிக் வென்ட், மேக்ஸ்ஃபேன் டீலக்ஸ், ஹெங்ஸ் வோர்டெக்ஸ். பின்னிரண்டையும் வாங்கி மாட்டினேன். ஃபேன்டாஸ்டிக்கை, எங்களோடு அடிக்கடி கேம்ப்புக்கு வரும் நண்பரின் ட்ரெய்லரில் இரண்டு கோடையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒரு நல்ல செய்தி. இதற்காகக் கூரையில் புதிதாக ஓட்டை போட வேண்டியதில்லை. வட அமெரிக்க ட்ரெய்லர்களில் கூரை வென்ட்டுக்கு, அதாவது காற்றுப் போகும் திறப்புக்கு, 14 அங்குலச் சதுரம் என்பது பொது அளவு. எங்கள் ட்ரெய்லரில் அப்படி இரண்டு. கட்டிலுக்கு மேலே வெறும் மூடி. குளியலறையில் மூடியும் 6 அங்குலக் குட்டி ஃபேனும். அந்தக் குட்டி ஃபேன் சத்தம் போடுவதில் மிக்ஸிக்குச் சளைத்ததில்லை. அதன் காற்றோ மெழுகுவர்த்தியைக்கூட அணைக்காது.

எது அதிகக் காற்றை இழுக்கும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், ஒரு வாரம் வீணானது. ஃபேன்டாஸ்டிக், மேக்ஸ்ஃபேன் இரண்டுக்குமே 12 அங்குல இறக்கை. முழு வேகத்தில் இரண்டுமே நிமிடத்துக்கு 900 கன அடிக்கு மேல் என்று சொல்கின்றன. எங்கள் ட்ரெய்லரின் உள்பகுதி 20 அடி நீளம், 7 அடி அகலம், ஆறரை அடி உயரம். பெருக்கினால் 910 கன அடி. கணக்குப்படி ஒரு நிமிடத்தில் உள்ளே இருக்கிற காற்று மொத்தமும் மாறிவிட வேண்டும். ஜன்னலை மூடிக்கொண்டு ஃபேனைப் போட்டால் அந்தக் கணக்கு கணக்காகவே இருக்கும். நிழல் விழும் பக்கத்தில், ஃபேனுக்குத் தூரமாக உள்ள ஜன்னல் ஒன்றை மட்டும் திறந்து வைத்தால், குளிர்ந்த காற்று படுக்கையைக் கடந்துதான் மேலே போகும். எந்த ஃபேன் வாங்கினாலும் இது பொருந்தும்.

ஆகவே காற்றை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. மூடியை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

ஃபேன்டாஸ்டிக் பழைய கை. மிச்சிகனில் பிறந்த பெயர், இப்போது டொமெட்டிக் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. நண்பரிடம் இருப்பது அதன் எளிய மாடல்: மூன்று வேகம், மூடியைத் தூக்கக் கையால் திருகும் குமிழ். இதில் எனக்குப் பிடித்தது இதன் எளிமை. கொசுவலையைக் கையாலேயே கழற்றி, குழாயடியில் கழுவி, திரும்ப மாட்டிவிடலாம். மூடி வழியாக வெளிச்சம் வரும், பகலில் உள்ளே விளக்கு வேண்டியதில்லை. ஆனால் மூடி மேல்நோக்கித் திறக்கிற மூடி. மழை வந்தால் மூடித்தான் ஆக வேண்டும்.

விலை கூடிய மாடல்களில் மழைத்துளி பட்டதும் தானே மூடிக்கொள்ளும் சென்சார் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. மெத்தை நனையாது, நாமும் எழ வேண்டாம். ஆனால் எங்கள் பிரச்சினை மெத்தை மட்டுமில்லையே. மூடி மூடினால் காற்றும் நின்றுவிடும், இட்லிக் குண்டான் திரும்ப வந்துவிடும். டெக்சாஸ் கோடை மழை குளிர வைத்துவிட்டுப் போகிற மழையில்லை, புழுங்க வைத்துவிட்டுப் போகிற மழை. அரிசோனா பக்கம் வறண்ட இடங்களில் கேம்ப் போகிறவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. அவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு ஃபேன்டாஸ்டிக்கைச் சொல்வேன்.

இதற்கு மாற்று வழி ஒன்று உண்டு. மூடிக்கு மேலே கூடு மாதிரி ஒரு பிளாஸ்டிக் கவர் மாட்டிவிட்டால் மழையிலும் திறந்து வைக்கலாம். நண்பர் அப்படித்தான் செய்திருக்கிறார். ஆனால் கவர் விலையையும் சேர்த்தால் மேக்ஸ்ஃபேன் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. உள்ளே வரும் வெளிச்சம் குறைகிறது. இலையும் பைன் ஊசியும் கவருக்குள் சேர்ந்துகொண்டே இருக்கும்.

மேக்ஸ்ஃபேன் டீலக்ஸின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. அந்தக் கவரையே மூடியாக்கிவிட்டார்கள். திறக்கும்போது மேல்பகுதி எழும்பி, வண்டியின் பின்பக்கம் பார்த்து வாய் திறக்கிறது. மேலே இருந்து விழும் மழை உள்ளே வர வழியில்லை. கொட்டுகிற மழையில் காற்றை வெளியே தள்ளும்படி ஓட விட்டுத் தூங்கியிருக்கிறேன், ஒரு சொட்டு இல்லை. சாய்ந்தடிக்கிற மழையில் காற்றை உள்ளே இழுக்கும்படி திருப்பி ஓட்ட மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை. மூடியை மூடிவிட்டு உள்ளேயே காற்றைச் சுழற்றும் வசதியும் உண்டு, சாதாரண சீலிங் ஃபேன் போல.

குறைகளும் இருக்கின்றன. மூடி திறக்கும்போது பின்னால் இடம் வேண்டும். ஏசி பெட்டியோ சோலார் பலகையோ ஒட்டி இருந்தால் இடிக்கும். வாங்குவதற்கு முன் ஏணி போட்டு ஏறி அளந்துவிடுங்கள். வெள்ளை மூடி வாங்கினால் உள்ளே இருட்டு. நான் புகை நிற மூடி வாங்கினேன், ஓரளவு பரவாயில்லை. மூன்றில் விலையும் இதுதான் அதிகம். எனக்கு வரி சேர்த்து 300 டாலரைத் தாண்டியது.

வோர்டெக்ஸ் இந்த இரண்டோடும் போட்டிக்கே வராது, ஆனால் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும். இது முழு வென்ட் இல்லை. இருக்கிற வென்ட்டின் சட்டத்தையும் மூடியையும் அப்படியே வைத்துக்கொண்டு, குட்டி ஃபேனைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பெரிய இறக்கையைப் பொருத்துவது. வேலை முழுவதும் உள்ளே நின்றபடியே. கூரையில் ஏற வேண்டாம், தண்ணீர் கசியாமல் ஓரத்தை அடைத்திருக்கும் சீலன்ட்டைத் தொட வேண்டாம். குளியலறையில் இதை மாட்ட எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது, அதில் கால் மணி நேரம் கீழே விழுந்த திருகாணியைத் தேடியது.

கூரையைத் தொடவில்லை என்பதுதான் இதன் பெரிய பலம், அதுவே பலவீனமும். பழைய சீலன்ட்டுக்கு அடியில் மரச்சட்டம் ஊறிப்போயிருந்தால் உங்களுக்குத் தெரியாது. பத்து வருடப் பழைய ட்ரெய்லர் என்றால், ஒருமுறையாவது அந்தச் சட்டத்தைத் தூக்கிப் பார்ப்பது நல்லது. படுக்கையறை வென்ட்டைத் தூக்கியபோது ஒரு மூலையில் மரம் கருத்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன், உறுதியாக இருந்தது. இன்னும் இரண்டு மழைக்காலம் விட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று தெரியாது.

கரண்ட் கணக்கை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் நிம்மதியாகப் பயன்படுத்தக்கூடியது பாதி, அதாவது 50. கூரை ஏசி ஓட ஏறத்தாழ 1500 வாட் வேண்டும். இன்வெர்ட்டர் வைத்து 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால் 120 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அரை மணி நேரம்கூடத் தாங்காது. ஃபேன் 3 ஆம்பியர் வீதம் பத்து மணி நேரம் ஓடினாலும் 30தான். மேக்ஸ்ஃபேனில் பத்து வேகம் இருப்பதால், விடியற்காலையில் மிகக் குறைந்த வேகத்தில் வைத்தால் அரை ஆம்பியர்கூட இழுக்காது, சத்தமும் கேட்காது. ஃபேன்டாஸ்டிக்கின் மூன்று வேகத்தில் குறைந்ததே கிட்டத்தட்ட 2 ஆம்பியர். சோலார் இல்லாமல் இரண்டு மூன்று இரவு தங்குகிறவர்களுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

இனி மாட்டுகிற வேலை. ஃபேன்டாஸ்டிக்குக்கும் மேக்ஸ்ஃபேனுக்கும் கூரை வேலை ஏறக்குறைய ஒன்றே.

காலை ஏழு மணிக்கே ஏறிவிட்டேன், வெயில் ஏறினால் ரப்பர் கூரையில் முட்டி போட முடியாது. கூரைப் பலகை மெலிசு, அதனால் பிளைவுட் துண்டு ஒன்றைப் போட்டு அதன் மேல்தான் முட்டி போட்டேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு மச்சான். பழைய சீலன்ட்டைச் சுரண்டுவதுதான் உண்மையான வேலை, மற்றதெல்லாம் அரை மணி நேர வேலை. பிளாஸ்டிக் கத்தி போதும். இரும்புக் கத்தியை எடுத்தால் ரப்பர் கிழியும். சீலன்ட்டுக்கு அடியில் ஒளிந்திருந்த திருகாணிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மொத்தம் பதினாறு. கடைசி இரண்டும் துருப்பிடித்து, தலை மழுங்கி, என் பொறுமையைச் சோதித்தன.

“மாமா, கார்ல சிலிக்கான் ட்யூப் ஒண்ணு கிடக்கு, அதையே அடிச்சிடலாமா?” என்றான் மச்சான் கீழே இருந்து.

“அதை மட்டும் மேல கொண்டு வந்துடாத.”

சிலிக்கான், எங்கள் கூரையில் இருக்கிற ஈபிடிஎம் என்ற வகை ரப்பரோடு சரியாக ஒட்டாது. அதைவிட மோசம், பிறகு அந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது. இதற்கு வேண்டியவை இரண்டு: சட்டத்துக்கு அடியில் பியூட்டைல் டேப் என்ற பிசுபிசுப்பான பட்டை, மேலே தானாகப் பரவிச் சமமாகும் லேப் சீலன்ட். டைகார் என்ற பெயரில் கிடைப்பதைத்தான் பெரும்பாலோர் வாங்குகிறார்கள். உங்கள் கூரை ரப்பரா, டிபிஓ என்ற பிளாஸ்டிக் வகை விரிப்பா, ஃபைபர்கிளாஸா என்று பார்த்து, அதற்கு ஏற்றதா என்று ட்யூபில் படித்துவிட்டு வாங்குங்கள். ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, டேப்பை மூலைகளில் இடைவெளி விடாமல் ஒட்டி, சட்டத்தை வைத்து, திருகாணிகளை எதிரெதிர் மூலையாக முடுக்க வேண்டும். ஓரத்தில் டேப் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் முடுக்கினால் பிளாஸ்டிக் விரிசல் விடும். பிறகு ஒவ்வொரு திருகாணித் தலையும் மூழ்கும்படி சீலன்ட்.

வயரிங்கில்தான் நான் கிட்டத்தட்டத் தப்பு செய்தேன். கட்டில் மேல் இருந்தது வெறும் மூடி என்பதால் அங்கே வயரே கிடையாது. பக்கத்தில் இருந்த சீலிங் விளக்கிலிருந்து இழுத்தேன். சுவிட்ச் அந்த விளக்கிலேயே இருந்ததால், அதற்கு வரும் வயரில் எப்போதும் கரண்ட் உண்டு. துணி மாட்டும் கம்பியை நிமிர்த்தி, தெர்மோகோலுக்கு ஊடாகத் துழாவி வயரைக் கொண்டுவந்தாயிற்று. கருப்பும் வெள்ளையும். ஊரில் வீட்டு வயரிங்கில் கருப்பு என்றால் நியூட்ரல், காரில் கருப்பு என்றால் நெகட்டிவ். அந்த நினைப்பில் கருப்பை நெகட்டிவோடு முறுக்கப் போனேன். ட்ரெய்லரின் 12 வோல்ட் வயரிங்கில் பெரும்பாலும் கருப்புதான் பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்ததால் தப்பித்தேன். ரிமோட்டும் போர்டும் உள்ள ஃபேனில் மாற்றிக் கொடுத்துப் பார்க்கிற விஷயம் இல்லை இது. பேட்டரியைக் கழற்றிவிட்டு இணைப்பைக் கொடுங்கள். ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர் என்பதையும் பார்த்துவிடுங்கள். எங்களுடையது 15, விளக்கெல்லாம் எல்ஈடி என்பதால் போதுமானது.

உள்பக்க பிளாஸ்டிக் வளையம் கொஞ்சம் நீளமாகத்தான் வரும். சீலிங் தடிமனை அளந்து வெட்டிக்கொள்ள வேண்டும்.

மாட்டிய பிறகு தெரிந்த இரண்டு விஷயங்கள். பெரிய ஃபேன் இழுக்கும்போது எங்கிருந்தாவது காற்று வந்தாக வேண்டும். ஜன்னல் எல்லாம் மூடியிருந்தால் கேஸ் அடுப்பு, ஹீட்டர் பக்கமிருந்து புகைக்காற்றை உள்ளே இழுக்க வாய்ப்பு உண்டு. அதனால் ஒரு ஜன்னலாவது திறந்தே இருக்கட்டும். அடுப்பில் தாளிக்கும்போது மிளகாய் நெடியில் புகை அலாரம் கத்துவது எங்கள் வீட்டு வழக்கம். இப்போது கடுகு போடும் முன்பே மேக்ஸ்ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிடுகிறோம், அலாரம் வாயைத் திறப்பதில்லை.

இரண்டாவது குளியலறை சமாச்சாரம். பழைய 6 அங்குல ஃபேனில் இது தெரியவே இல்லை. வோர்டெக்ஸ் ஓடும்போது கழிவறையின் மிதியை அழுத்தினால், அடியில் உள்ள கழிவுத் தொட்டியின் வாய் திறக்கும். மேலே ஃபேன் இழுக்கும். தொட்டியின் வாசனை முழுவதும் நேராக முகத்துக்கு வரும். ஆகவே குளியலறையில் பலமான ஃபேன் வைக்கிறவர்கள், ஃபேனை நிறுத்திவிட்டு மிதியை அழுத்தி, பிறகு ஃபேனைப் போட வேண்டும். எங்கள் குளியலறைச் சுவிட்சுக்குப் பக்கத்தில் மனைவி ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்: “முதலில் நிறுத்து, பிறகு மிதி.” விருந்தாளிகள் இதற்கு விளக்கம் கேட்கும்போது மச்சான்தான் பதில் சொல்வான். முதல் நாள் மாட்டிக்கொண்டது அவன்தான்.