ஹெட்டுக்குள் காற்று அளக்க எது நல்லது: கம்பெனி பெஞ்சா, சொந்தப் பெஞ்சா, டைனோவா?

சில வருடங்களுக்கு முன் ஒரு மாருதி ஜிப்ஸியின் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலே மூடி வால்வுகளைத் தாங்கும் இன்ஜின் தலையை, வெளியூரில் போர்ட்டிங்குக்குக் கொடுத்து வாங்கினேன். ஹெட்டுக்குள் காற்று போய்வரும் பாதைகளை (போர்ட்) ராவிச் சீராக்குவதுதான் போர்ட்டிங். வேலை பார்வைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. கூடவே ஒரு தாள்: ‘இன்டேக் 80 சிஎஃப்எம்’, அதாவது காற்று உள்ளே வரும் பக்கம் நிமிடத்துக்கு 80 கன அடி. அவ்வளவுதான். எந்த லிஃப்டில் (வால்வு எவ்வளவு திறந்த நிலையில்) அளந்தது, எவ்வளவு இழுவையில் (காற்றை உறிஞ்சும் அழுத்த வித்தியாசத்தில்) அளந்தது, எதுவும் அதில் இல்லை. போன் போட்டுக் கேட்டேன். “நல்லா போகுது சார், ஓட்டிப் பாருங்க” என்றார்கள்.

இழுவை தெரியாத சிஎஃப்எம், படி எது என்று சொல்லாமல் ‘மூன்று படி அரிசி’ என்பது போலத்தான். போர்ட் வழியாகப் போகும் காற்று இழுவையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். 10 அங்குல நீர் இழுவையில் (குழாயில் தண்ணீரை 10 அங்குலம் உயர்த்தும் இழுவை) 80 என்றால், 28 அங்குலத்தில் அது ஏறக்குறைய 134. வெறும் எண்ணை மட்டும் கொடுத்தால், அது சாதாரண ஹெட்டா, பிரமாதமான ஹெட்டா என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றிலிருந்துதான் நானே அளக்க வேண்டும் என்று இறங்கினேன். மூன்று வழியையும் பார்த்துவிட்டேன். கடலூர், பாண்டி பக்கம் இருந்துகொண்டு இதைச் செய்ய நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வழி, கம்பெனி தயாரித்த ஃப்ளோ பெஞ்ச். அமெரிக்காவின் சூப்பர்ஃப்ளோ பெஞ்சுகள்தான் இதில் ஊரறிந்த பெயர். ஹெட்டை மேலே பூட்டி, வால்வை மில்லிமீட்டர் கணக்கில் திறந்து, பெட்டிக்குள் உள்ள மோட்டார்கள் இழுக்கும் காற்றை அளப்பார்கள். இன்று பலரும் ஒப்பிடும் இழுவை 28 அங்குல நீர், அதாவது 711 மி.மீ. அந்த இழுவையில் காற்று நொடிக்கு ஏறக்குறைய 107 மீட்டர் வேகம் எடுக்கும். போர்ட்டின் குறை வெளியே தெரிய இந்த வேகம் வேண்டும். போர்ட் வால்வை நோக்கி வளையும் உள்வளைவை ஷார்ட் சைடு என்போம். மெதுவாக இழுக்கும்போது அதை ஒட்டி அமைதியாகப் போகும் காற்று, வேகம் கூடியதும் சுவரை விட்டுப் பிரிந்து சடசடவென்று சத்தம் போடும். 10 அங்குலத்தில் நல்ல பிள்ளையாக இருந்த போர்ட் 28-ல் குணம் மாறும் என்பதால், வர்க்கமூலக் கணக்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

கம்பெனி பெஞ்சின் துல்லியத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. தூரம்தான் குறை. போர்ட்டிங் ஒரே நாளில் வெட்டி முடிக்கிற வேலை இல்லை. வால்வு உட்காரும் சீட்டுக்குக் கீழே கொஞ்சம் ராவு, அளந்து பார், வால்வுத் தண்டைப் பிடிக்கும் கைடு பக்கம் கொஞ்சம் எடு, மறுபடி அள. கடலூரிலிருந்து சென்னைக்கு ஹெட்டைத் தூக்கிக்கொண்டு போனால் ஒரு நாள் போச்சு. அதனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு தடவை அளப்போம். எந்த வெட்டு காற்றைக் கூட்டியது, எது கெடுத்தது என்று அப்போது தெரியாது. அலுமினியத்தைத் திரும்ப ஒட்டவா முடியும்?

இரண்டாவது வழி, நாமே கட்டுவது. கடலூர் முதுநகர் துறைமுகம் பக்கம் படகு இன்ஜின் வேலை பார்க்கும் ஒரு லேத் பட்டறையில்தான் என்னுடையது நிற்கிறது. மரைன் பிளைவுட்டில் இரண்டு அறை வைத்த பெட்டி, வேக்கம் கிளீனர் மோட்டார் நான்கு, நடுவில் ஒரு துளைத் தகடு. சிலிண்டருக்குப் பதிலாக மேலே ஒரு குழாய். ஜிப்ஸியின் 1.3 லிட்டர் இன்ஜினுக்கு போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 74 மி.மீ. என்பதால் குழாயின் உள்விட்டமும் அதே 74. இதில் ஏமாற்றக் கூடாது. குழாய் அகலமாக இருந்தால், வால்வுக்குப் பக்கத்தில் சிலிண்டர் சுவர் காற்றை மறிப்பது அளவில் வராது.

ஹெட் வழியாக வந்த அதே காற்றுதான் அடுத்து துளைத் தகடு வழியாகவும் போகிறது. ஹெட்டில் இவ்வளவு அழுத்த வித்தியாசம், தகட்டில் இவ்வளவு என்று இரண்டையும் ஒப்பிட்டுத்தான் கணக்கு. அதனால் நம் கடற்கரைப் புழுக்கம், மே மாத வெயில் இரண்டுமே பெரும்பாலும் கழிந்துவிடும். காலை அளவும் மதிய அளவும் ஒத்துப்போவதைப் பார்த்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கவனம் வேண்டும். அங்கே காற்றை ஊத வேண்டும், மோட்டாரின் சூடு அதில் ஏறிவிடும். விட்டு விட்டு அளக்கிறேன்.

மோட்டார் ஒன்றுக்கு 1,200 வாட் என்றால் நான்கும் சேர்ந்து 4.8 கிலோவாட், 230 வோல்ட்டில் 21 ஆம்பியர் பக்கம். வீட்டு லைனில் போட்டால் ஃபியூஸ் போய்விடும். பட்டறையில் மூன்று ஃபேஸ் இருப்பதால் பிரித்துக் கொடுத்திருக்கிறோம். மாலையில் வோல்டேஜ் இறங்கினால் இழுவையும் இறங்கும். ஒவ்வொரு அளவுக்கும் முன், இழுவையைக் கூட்டிக் குறைக்கும் பைபாஸ் வால்வைத் திருகி, கலர் தண்ணீர் ஊற்றிய யூ குழாயில் இரண்டு பக்க மட்டத்துக்கும் நடுவே 711 மி.மீ. நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன்.

சொந்தப் பெஞ்சில் சறுக்கும் இடமும் உண்டு. எனக்கு நடந்ததையே சொல்கிறேன். பெஞ்ச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஹெட் இருக்கும் இடத்தில் ஒரு சோதனைத் தகடு வைப்போம். கூர்மையான விளிம்புள்ள 30 மி.மீ. துளை, 28 அங்குல இழுவையில், ஏறக்குறைய 97 சிஎஃப்எம் விட வேண்டும். கூர்மையான துளைக்கு 0.6 என்ற குணகம் (காற்று சுருங்கிப் போவதால், துளையின் பரப்பில் உண்மையில் உதவும் பங்கு) போட்டால் வரும் கணக்கு இது. என் தகடு ஒரு நாள் சரியாகக் காட்டியது, மறுநாள் பல எண் கூடுதலாகக் காட்டியது. கசிவா என்று பெட்டி மூலை முழுக்க சிலிகான் பூசினேன். அந்த யூ குழாய் மானோமீட்டரைக் கழற்றிக் கழுவினேன். கடைசியில் லேத் அண்ணனிடம் போய் நின்றேன்.

“அண்ணே, இந்தத் தகட்ட ஏதாச்சும் பண்ணீங்களா?”

“ஓரம் கைய கிழிக்கிற மாதிரி இருந்துது தம்பி. எமரி போட்டு லேசா பிசிறு எடுத்து வச்சேன்.”

நல்ல மனசோடு செய்ததுதான். ஆனால் அந்தக் கூர்மைதான் அளவுகோலே. விளிம்பு முடியளவு உருண்டாலும் காற்று சுருங்காமல் வழுக்கிக்கொண்டு போகும், குணகம் ஏறிவிடும். நகத்தை விளிம்பில் வைத்து இழுத்தால் பொடி சீவ வேண்டும், அப்போதுதான் தகடு நல்ல தகடு. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு கற்ற பாடம் இது.

இதே தர்க்கம் ஹெட்டிலும் வரும். போர்ட் வாயை வெறுமனே விட்டு அளந்தால், அந்தக் கூர் ஓரத்திலேயே காற்று தடுக்கி எண் குறையும். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை வாயைச் சுற்றி உருட்டி ஒட்டினால் சரியாகிவிடும். களிமண் ஒட்டியதா இல்லையா என்பதைக்கூடத் தாளில் எழுத வேண்டும் என்பேன்.

மூன்றாவது வழி டைனோ. பெஞ்ச் எதற்கு, வண்டியை ரோலரில் ஏற்றிப் பவர் பார்த்தால் போதுமே என்பார்கள். இருங்காட்டுக்கோட்டை, கோவை காரி பந்தய டிராக்குகளுக்கு வண்டி கட்டும் நண்பர்களிடம் இந்தக் கட்சி பலமாக இருக்கிறது. அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பெஞ்சில் காற்று ஒரே சீராக ஓடுகிறது. இன்ஜினுக்குள்ளோ வால்வு திறந்து மூட, அலை அலையாக, பெட்ரோல் துளியோடு போகிறது. பெஞ்சில் எண் கூட வேண்டும் என்று போர்ட்டைப் பெருக்கிக்கொண்டே போனால் காற்றின் வேகம் செத்து, குறைந்த ஆர்பிஎம்மில் வண்டி சோம்பிவிடும். அதை டைனோ காட்டிக் கொடுக்கும், அதிக லிஃப்டின் எண்ணை மட்டும் துரத்துகிற பெஞ்சுக்காரனுக்குத் தெரியாது.

ஆனால் டைனோ எங்கே குறை என்று சொல்லாது. ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் ஹெட்டைக் கழற்றி, புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளுக்கு அளவாக டார்க் வைத்து முறுக்கி, டியூன் செய்து திரும்ப ஏற்ற வேண்டும். டயர் காற்று, கூலன்ட் சூடு, கிளட்ச் என்று இத்தனைக்கும் நடுவே இரண்டு சதவீத மாற்றம் தொலைந்தே போகும். பெஞ்சில் அந்த இரண்டு சதவீதம் கண்ணுக்கு முன்னால் தண்ணீரில் நிற்கும். வால்வு ஆங்கிளில் (வால்வும் சீட்டும் சேரும் ஓரத்தின் கோணத்தில்) வரும் மாற்றம் குறைந்த லிஃப்டில் தெரியும், போர்ட்டின் மாற்றம் அதிக லிஃப்டில் தெரியும். 36 மி.மீ. வால்வு என்றால் விட்டத்தில் கால் பங்கான 9 மி.மீ. லிஃப்டில், வால்வைச் சுற்றிய திறப்பின் பரப்பு வால்வின் பரப்புக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் போர்ட்தான் கழுத்தைப் பிடிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் வால்வு குறைந்த லிஃப்டை ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை கடக்கிறது, உச்சத்தை ஒரே தடவைதான் தொடுகிறது. அதனால் நான் முதலில் பார்ப்பது 2 முதல் 5 மி.மீ. வரையுள்ள எண்கள்.

என் தீர்ப்பு இதுதான். தானே கிரைண்டர் பிடிப்பவருக்குச் சொந்தப் பெஞ்ச். அதன் எண் உலகத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதுகூட இல்லை, நேற்றைய தன் எண்ணோடு ஒத்துப்போனால் போதும். வேலையை வெளியில் கொடுத்து வாங்குபவருக்குக் கம்பெனி பெஞ்ச், ஆனால் வேலைக்கு முன் ஒரு தாள், பின் ஒரு தாள், இரண்டும் ஒரே பெஞ்சில் என்று கண்டிப்பாகக் கேளுங்கள். டைனோவுக்குக் கடைசியில் ஒரு தடவை போனால் போதும்.

சோதனைத் தகடு செய்பவர்களுக்கு ஒன்று. முதல் தகட்டை நான் இரும்பில் செய்தேன். எமரி பட்ட பிறகு திரும்பக் கடைந்தும், முதுநகர் உப்புக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் விளிம்பு துருப்பிடித்துவிட்டது. இப்போது இருப்பது பித்தளை. எண்ணெய்த் துணியில் சுற்றி டப்பாவுக்குள் வைத்து, மேலே அண்ணனே மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறார்: ‘பிசிறு எடுக்காதே’.