ஈப்பே டெக்குக்கு ஸ்டெய்ன்: டப்பா மேல போட்டிருக்கற வருஷக் கணக்கை நம்பாதீங்க

டெக்குக்கு, அதாவது வீட்டுக்கு வெளில போடற மரத் தளத்துக்கு அடிக்கற ஸ்டெய்ன் (கலர் பூச்சு) டப்பா மேல 4 வருஷம் தாங்கும், 6 வருஷம் தாங்கும்னு போட்டிருக்கறதெல்லாம் பைன், சீடார் மாதிரி ஆயிலை நல்லா குடிக்கற மரத்துக்கு ஓரளவு சரியா வரலாம், ஆனா ஈப்பே, குமாரு, மசரண்டூபா மாதிரி பிரேசில் பக்கத்து வைர மரங்களுக்கு அதை அப்படியே எடுத்துக்காதீங்க. எங்க வீடு நியூஜெர்சில. பின்னாடி தெற்கு பாத்த ஈப்பே டெக், மேல நிழல்னு ஒண்ணும் கிடையாது, ஜூலை மத்தியானம் வெறுங்கால் வைக்க முடியாது, பிப்ரவரில அதே இடத்துல பனி குமிஞ்சு கிடக்கும். ஃபிலிம் கட்டற (மரத்து மேல படலமா நிக்கற) ஸ்டெய்ன், கலர் இல்லாத ஆயில், பிக்மென்ட், அதாவது கலர் பொடி உள்ள ஆயில் மூணும் இந்த டெக்ல எப்படி போகுதுன்னு பல வருஷமா பாத்தாச்சு. முடிவை முதல்லயே சொல்லிடறேன்: நேர் வெயில் படற தரைப் பலகைல எதை அடிச்சாலும் ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ஒன்றரை வருஷம், அதுக்கு மேல கலர் நிக்கறதில்ல. அதனால எது போகும்போது உரியாம சும்மா வெளுத்துப் போகுதோ, எதுக்கு மேல அலட்டிக்காம மறுபடி ஒரு கோட் அடிக்க முடியுதோ, அதை வாங்குங்க.

காரணம் மரம்தான். தரைக்கு போடற ரெட் ஓக் ஜங்கா ஸ்கேல்ல (மரத்தோட கடினத்தை அளக்கற கணக்கு) 1290, ஈப்பே 3500 கிட்ட. ஒரு கன மீட்டர் ஆயிரம் கிலோவுக்கு மேல இருக்கும், அதனால ஒரு துண்டை வெட்டி பக்கெட் தண்ணில போட்டா மிதக்காது, நேரா அடில போய் உக்காந்துக்கும். இவ்வளவு இறுக்கமான மரத்துக்குள்ள ஆயில் எங்க போகும்? மேலாக்க ஒரு மயிரிழை அளவு இறங்கும், அவ்வளவுதான், அந்த மயிரிழையை வெயில் சாப்பிட்டு முடிக்க ரொம்ப நாள் ஆகாது. இன்னொண்ணும் புரிஞ்சுக்கணும், ஈப்பே அழுகாம இருக்கறதுக்கு ஸ்டெய்ன் தேவையே இல்ல, கரையானும் பூஞ்சையும் கிட்ட வராத அளவுக்கு மரத்துக்குள்ளயே சரக்கு இருக்கு. நியூயார்க் கோனி ஐலண்ட் போர்ட்வாக்ல (கடற்கரையோர மரப் பலகை நடைபாதை) ஈப்பே போட்ட பகுதியை போய் பாருங்க, கடல் காத்துல சாம்பல் கலரா மாறி, அப்படியே கிடக்கு, கூட்டம் நடந்துட்டுதான் இருக்கு. நாம அடிக்கறது முழுக்க அந்த காபி பிரவுன் கலருக்காக. அதை மனசுல வெச்சுகிட்டா கடைல காசு செலவழிக்கறதுல கொஞ்சம் நிதானம் வரும்.

நாங்க வீடு வாங்கினப்போ டெக் மேல ஃபிலிம் கட்டற வகை ஸ்டெய்ன் இருந்துச்சு, முன்னாடி இருந்தவங்க யாரையோ வெச்சு அடிச்சது, என்ன பிராண்டுன்னு சொல்லப்போறதில்ல. வீடு பாக்க வந்த அன்னிக்கு பளபளன்னு ஃபர்னிச்சர் மாதிரி இருந்துச்சு. ஒரு குளிர்காலம் போச்சு, நாற்காலி கால் இழுபடற இடத்துல முதல்ல வெள்ளையா ஒரு கீறல், அந்த கீறல் வழியா தண்ணி உள்ள போய், ஃபிலிமுக்கும் மரத்துக்கும் நடுவுல உறைஞ்சு, வசந்தத்துல நகத்தால தூக்கினா விரல் நீளத்துக்கு சருகு மாதிரி உரிஞ்சு வந்துச்சு. கீழ மரம் சாம்பல், பக்கத்துல பிரவுன், சொறி பிடிச்ச மாதிரி ஒரு தோற்றம். இதுல பெரிய தலைவலி என்னன்னா, உரிஞ்ச இடத்துல மட்டும் தொட்டு அடிச்சு ஒப்பேத்த முடியாது, முழுசையும் எடுத்தாகணும், ஸ்ட்ரிப்பர் போட்டும் மூலைல போகாததை சாண்டர் (தேய்க்கற மெஷின்) வெச்சுதான் எடுக்கணும். ஈப்பே தூசி மஞ்சளா மாவு மாதிரி பறக்கும், மூக்குலயும் தோல்லயும் பட்டா சில பேருக்கு நல்லா அரிக்கும், மாஸ்க் இல்லாம செய்யாதீங்க. சாண்ட் பேப்பர் 60 கிரிட்ல (நம்பர் கூடக் கூட நைஸ்) நிறுத்திடணும், அதிகபட்சம் 80. அழகா இருக்கட்டும்னு 120, 150 வரைக்கும் தேச்சா மேல்பரப்பு மூடிக்கும், அப்புறம் ஆயில் இறங்கவே இறங்காது.

கலர் இல்லாத ஆயில் இதுக்கு நேர் எதிர். உரியாது, அடிக்கறதும் சுலபம், அடிச்ச அன்னிக்கு நனைஞ்ச மரம் மாதிரி அட்டகாசமா இருக்கும். கடைல டீக் ஆயில்னு விக்கறது பெரும்பாலும் இந்த ஜாதிதான். ஆனா மரம் சாம்பலாகறது தண்ணியால மட்டும் இல்ல, அல்ட்ராவயலட் வெளிச்சம் மரத்து நாரை ஒட்டி வெச்சிருக்கற லிக்னினை உடைக்குது, உடைஞ்சதை மழை கழுவிட்டு போயிடுது, மிச்சம் நிக்கறதுதான் அந்த சாம்பல் நார். வெளிச்சத்தை தடுக்கறதுக்கு பிக்மென்ட் வேணும். வெறும் ஆயில் தண்ணியை கொஞ்ச நாள் தள்ளும், வெயிலை தள்ளாது. எங்க டெக்ல வசந்தத்துல அடிச்சது தீபாவளிக்குள்ள வெளுத்துடுச்சு. வீட்டுக்குள்ள மேஜைக்கு போடலாம், வெளில வேஸ்ட்.

அப்போ மிச்சம் இருக்கறது உள்ள இறங்கற, பிக்மென்ட் கலந்த ஆயில். இதுலதான் நான் நிலைச்சு நின்னுட்டேன். ஹார்ட்வுட்டுக்குனே தனியா வர்றது நிறைய இருக்கு: பெனோஃபின் ஹார்ட்வுட் ஃபார்முலா பிரேசிலியன் ரோஸ்வுட் ஆயிலை வெச்சு பண்றது, காபாட் ஆஸ்திரேலியன் டிம்பர் ஆயில்ல லின்சீட், டங், ஆல்கிட் மூணும் கலந்திருக்கும், மெஸ்மர்ஸ்லயும் ஹார்ட்வுட்டுக்கு ஒண்ணு இருக்கு, டெஃபைல தண்ணி பேஸ்ல ஜிங்க் நானோ துகள் போட்டு வருது. நான் இப்போ தொடர்ந்து அடிக்கறது ஆம்ஸ்ட்ராங் கிளார்க். அதுல காயற ஆயில், காயாத ஆயில் ரெண்டும் இருக்கு, காயாதது மரத்துக்குள்ள இறங்கிக்கும், காயறது மேல பிக்மென்டை பிடிச்சு வெச்சுக்கும், அதான் சங்கதி. எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா லேப் மார்க் ரொம்ப குறைவு, அதாவது ஒரு பலகை பாதில பிரஷ்ஷை நிறுத்திட்டு அடுப்புல என்ன தீயுதுன்னு பாத்துட்டு வந்தாலும் சேர்ற இடத்துல கோடு தெரியாது. மத்ததும் மோசம்னு சொல்ல வரல, இறங்கற ஆயிலா, பிக்மென்ட் இருக்கா, இந்த ரெண்டும் ஆமான்னா பிராண்டுக்கு பிராண்டு இருக்கற வித்தியாசம் டப்பா மேல சொல்ற அளவுக்கு பெருசு இல்லங்கறது என் அபிப்பிராயம்.

ரெய்லிங் கதை வேற. நெட்டுக்குத்தா நிக்கற பலகைல தண்ணி தேங்காது, வெயிலும் சரிஞ்சுதான் படும், யாரும் மிதிக்கறதும் இல்ல, அங்க அதே ஆயில் தரையை விட ரெண்டு மடங்கு நாள் நின்னுது. தரைக்கு அடிக்கும்போதெல்லாம் ரெய்லிங்குக்கும் சேர்த்து அடிச்சா அது கறுத்துகிட்டே போகும், விட்டுடுங்க. ரெய்லிங் மேல படுக்கையா வர்ற கைப்பிடி பலகை மட்டும் தரைக் கணக்கு.

அடிக்கறதை விட அதுக்கு முன்னாடி கழுவறதுதான் முக்கியம், இதை சோம்பேறித்தனப்பட்டா எவ்வளவு விலை குடுத்து வாங்கின ஆயிலும் வீண். சோடியம் பெர்கார்பனேட் பவுடரை தண்ணில கரைச்சு ஊத்தி, கொஞ்சம் ஊற விட்டு, தேங்கா நார் பிரஷ்ஷாலயோ நைலான் பிரஷ்ஷாலயோ ரேகை போற பக்கமா தேய்க்கணும். முதல் தடவை பண்றவங்க பயந்துடாதீங்க, ஈப்பேல இருக்கற லாபச்சோல்ங்கற பொருள் இந்த பவுடரோட காரம் (ஆல்கலி) பட்டா சிவக்கும், தண்ணி பீட்ரூட் வேக வெச்ச மாதிரி ஓடும், மரமும் கறுத்துப் போன மாதிரி தெரியும். அதுக்கு அப்புறம் ஆக்சாலிக் ஆசிட் பிரைட்டனர் போட்டதும் கண்ணு முன்னாடியே பழைய கலர் திரும்பும், பல்லி முட்டை சைஸ்ல இருந்த கறுப்பு இரும்புக் கறையும் காணாம போயிடும். கண்ணாடி, கையுறை கட்டாயம், பக்கத்துல செடி இருந்தா முன்னாடியே தண்ணி ஊத்தி நனைச்சு வெச்சுடுங்க. பிரஷர் வாஷர் வெச்சா ரொம்ப கிட்ட பிடிக்காதீங்க, நார் எழும்பி நிக்கும். அப்புறம் ரெண்டு மூணு நாள் நல்ல வெயில்ல காய விடணும். புது ஈப்பேவா இருந்தா வந்த அன்னிக்கே அடிக்காம கொஞ்ச மாசம் வெளில கிடக்க விட்டு, இதே மாதிரி கழுவிட்டு அடிச்சா நல்லா இறங்கும்.

அடிக்கும்போது ஒரே கோட், மெல்லிசா. ரெண்டாவது கோட் அடிச்சா ரெண்டு மடங்கு நாள் தாங்கும்னு நினைக்கறது பைன் மர புத்தி, ஈப்பேல அது உள்ள போக இடமில்லாம மேல நின்னு பிசுபிசுக்கும், மகரந்தம், முடி, கொசு எல்லாம் ஒட்டிக்கும். 15, 20 நிமிஷத்துல குடிக்காம நிக்கறதை துணியால ஒத்தி எடுத்துடணும். பழைய வேட்டியை கிழிச்சு வெச்சுக்கோங்க, நூல் பிரியாத நல்ல பருத்தி, கடைல விக்கற துணியை விட மேல். செப்டம்பர் கடைசி எங்க ஊருக்கு தோதான நேரம், ஏப்ரல், மே மாசம் மரம் பூரா மஞ்ச மகரந்தம் விழும், ஜூலைல பலகை சூட்டுக்கு ஆயில் இறங்கறதுக்கு முன்னாடியே காஞ்சுடும்.

அந்த துணியை சுருட்டி குப்பைல போடாதீங்க, இதை மட்டும் எல்லாரும் கேளுங்க. லின்சீட் மாதிரி காயற ஆயில் காத்தோட சேரும்போது சூடு வரும், குவிச்சு வெச்சா அந்த சூடு வெளிய போக வழியில்லாம தானாவே தீ பிடிக்கும். 1991 பிப்ரவரில ஃபிலடெல்ஃபியாவுல ஒன் மெரிடியன் பிளாசாங்கற 38 மாடி கட்டடம் எரிஞ்சு 3 தீயணைப்பு வீரர்கள் செத்தாங்க, ஆரம்பம் 22-வது மாடில விட்டுட்டு போன லின்சீட் ஆயில் துணிதான். ஒவ்வொரு துணியையும் தனித்தனியா விரிச்சு சிமென்ட் தரைல காய போடுங்க, இல்ல மூடி உள்ள தகர டப்பாவுல தண்ணி ஊத்தி அமுக்கி வைங்க.

நம்ம வீட்டு சமாச்சாரம் ஒண்ணு. கருவேப்பிலை தொட்டியை மே மாசம் வெளில வெச்சு அக்டோபர்ல உள்ள தூக்கறது எல்லார் வீட்லயும் நடக்கறதுதான், அந்த தொட்டி அடில தண்ணி தேங்கி அச்சு அசலா ஒரு கறுப்பு வட்டம் விழும், எந்த ஸ்டெய்னும் அதை தடுக்காது. அடில சின்ன கால் வெச்சு காத்து போக விடுங்க, மாசத்துக்கு ஒரு தடவை இடம் மாத்துங்க. ரப்பர் மேட்டும் அதே கதைதான். இரும்பு ஸ்டாண்டு வேண்டவே வேண்டாம், மழைல துருவும் மரமும் சேர்ந்தா மை கொட்டின மாதிரி ஆயிடும்.

இனிமே புதுசா ஈப்பே போடலாமான்னு கேக்கறவங்களுக்கு: 2024 நவம்பர் 25-லேருந்து ஈப்பே, குமாரு ரெண்டும் சைட்டீஸ் (அழியற ஆபத்துல இருக்கற உயிரினங்களோட வியாபாரத்தை கட்டுப்படுத்தற சர்வதேச ஒப்பந்தம்) ரெண்டாவது பட்டியல்ல வந்தாச்சு, நாடு விட்டு நாடு போக பேப்பர் வேணும், வாங்கற இடத்துல அதை கேளுங்க. ஏற்கனவே டெக் இருக்கறவங்க ஆயில் வாங்கும்போது விஓசி (ஆவியாகி காத்துல கலக்கற ரசாயனம், லிட்டருக்கு இத்தனை கிராம்னு போட்டிருக்கும்) அளவை பாருங்க, ஒரே பிராண்டு 250, 550ன்னு ரெண்டு ரகமா வரும், நியூஜெர்சி மாதிரி ஸ்டேட்ல 250 தான் கிடைக்கும், வேற ஸ்டேட்காரர் எழுதின அனுபவத்தை படிச்சுட்டு அதே சரக்கு வரும்னு எதிர்பாக்க வேண்டாம். காலன் கணக்குல வாங்கறதுக்கு முன்னாடி குட்டி சாம்பிள் டப்பா ரெண்டு மூணு வாங்கி, நல்லா வெயில் படற பக்கத்துல ஒரு பலகையை கழுவி, பக்கம் பக்கமா பட்டை அடிச்சு, அடில பென்சில்ல பேரும் தேதியும் எழுதி ஒரு குளிர்காலம் விட்டுடுங்க. ஏப்ரல்ல அதுல எது பிடிச்சிருக்கோ அதை வாங்கிக்கலாம்.