பிரானூர் பார்டர் மர அறுவை மில்: வீட்டில் கட்டும் விமானத்துக்கு மரம் வாங்க ஏற்ற இடமா?

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையில் உள்ள பிரானூர் பார்டர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பரோட்டாவும் கோழியும்தான் நினைவுக்கு வரும். மரவேலை செய்கிறவர்களுக்கோ அது அறுவை மில்களின் ஊர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டை தமிழ்நாட்டுடன் இணையும்வரை திருவிதாங்கூர்ப் பகுதியின் எல்லை இங்கேதான் இருந்தது. இன்றைய சோதனைச் சாவடி புளியரைக்குப் போய்விட்டாலும் பார்டர் என்ற பெயர் இந்த இடத்தை விட்டுப் போகவில்லை. கேரளத்து மலைச்சரிவுத் தேக்கும் ஆஞ்சிலியும், தூத்துக்குடித் துறைமுகம் வழியாக இறங்கும் வெளிநாட்டு மரமும் இங்குள்ள மில்களில் ஒரே கூரையின் கீழ் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றில், வீட்டுப் பட்டறையில் கட்டிவரும் மர விமானத்துக்குத் தேவையான சட்டங்களை வாங்கி அறுத்துக்கொண்ட அனுபவத்தை வைத்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

மில்லின் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று முதலாளி கேட்டுக்கொண்டார். அவர் சொன்ன காரணத்தை நான் மதிக்கிறேன்: தாம் விற்பது கட்டட மரம்தான் என்றும், விமானத்துக்கு மரம் கொடுக்கும் மில் என்று பேர் பரவி, அந்த நம்பிக்கையில் ஒருவர் பார்க்காமல் வாங்கிச் சென்றுவிடக் கூடாது என்றும் அவர் கருதுகிறார். விமான மரத்துக்கு உரிய சான்றிதழ் எதுவும் அங்கே தரப்படுவதில்லை. ஒவ்வொரு பலகையையும் சோதித்து ஏற்கும் பொறுப்பும் தள்ளும் பொறுப்பும் முழுக்க வாங்குகிறவருடையவை. கட்டிய விமானத்தைப் பறக்கவிடுவதற்கு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும் என்பது தனி விஷயம். அது இந்த மதிப்பீட்டுக்குள் வராது.

நான் கட்டுவது பீட்டன்போல் ஏர் கேம்பர் என்னும் இரண்டு இருக்கை விமானம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துச் செர்ரி குரோவ் என்ற சிற்றூரில் பெர்னார்ட் பீட்டன்போல், ஃபோர்டு மாடல் ஏ காரின் எஞ்சினைப் பொருத்தி 1929-இல் பறக்கவிட்ட வடிவமைப்பு அது. சாதாரண ஊரில், சாதாரணக் கருவிகளோடு, கைக்கு எட்டும் மரத்தில் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை எண்ணம். உடற்பகுதியின் நான்கு நெடுஞ்சட்டங்கள் ஓர் அங்குலச் சதுரம்; சிறகு விலாக்களின் குச்சிகள் கால் அங்குலத்துக்கு அரை அங்குலம்; சிறகின் முழுச் சுமையையும் தாங்கும் ஸ்பார் சட்டங்கள் மூன்று துண்டுச் சிறகில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 13 அடி. இந்த 13 அடி நீளத்தில் கணு இல்லாத, நார் நேராக ஓடும் மரம் கிடைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமானது.

இந்த வேலையைச் சொன்ன உடனே நம் ஊரில் எல்லோரும் கேட்பது, ஏன் தேக்கில் செய்யக் கூடாது என்பதுதான். தேக்கு நல்ல மரம். ஆனால் கனமானது, அதன் எண்ணெய்த் தன்மையால் பசை பிடிப்பதும் சிரமம். மர விமானத்தின் அளவுகோல் சிட்கா ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம். ஒரு கன அடி ஸ்புரூஸ் ஏறத்தாழ 12 கிலோ. தேக்கோ 18 கிலோவுக்குக் குறையாது. எடைக்கு எவ்வளவு வலு என்ற கணக்கில்தான் விமான மரம் தேர்வாகிறதே ஒழிய, எத்தனை தலைமுறை உழைக்கும் என்ற கணக்கில் அல்ல. ஸ்புரூஸ் இங்கே கிடைக்காது. ஆனால் கதவு நிலைகளுக்காகக் கனடாவிலிருந்து வரும் டக்ளஸ் ஃபிர், ஹெம்லாக் ஆகிய இரண்டும் இந்த மில்லில் கிடைத்தன. அமெரிக்க விமான நிர்வாகத்தின் பழுதுபார்ப்பு வழிகாட்டியில் இரண்டுமே ஸ்புரூஸுக்கு மாற்றாக ஏற்கப்பட்டவை. டக்ளஸ் ஃபிர் ஸ்புரூஸைவிட வலுவானது, கன அடிக்கு 15 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும், உளி பட்டால் சிராய் எழும்பிப் பிளக்கும் குணமும் உண்டு. ஸ்பாருக்கு டக்ளஸ் ஃபிரையும் விலாக்களுக்கு ஹெம்லாக்கையும் நான் தேர்ந்தேன்.

இந்த மில்லின் உண்மையான சிறப்பு, மரத்தைப் புரட்டிப் பார்க்க விடுவது. இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். மரக்கடையில் பொதுவாக அடுக்கின் மேலே இருக்கும் பலகையைத்தான் எடுக்க வேண்டும். அடியில் இருப்பதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். இங்கே காலையில் சென்றால், இரண்டு ஆட்களைக் கூட நிறுத்தி, அடுக்கைக் கடைசிச் சட்டம்வரை இறக்கிக் காட்டுகிறார்கள். நான் ஒவ்வொன்றின் வெட்டு முகத்தையும் ஈரத்துணியால் துடைத்து ஆண்டு வளையங்களை எண்ணினேன். ஸ்புரூஸில் ஓர் அங்குலத்துக்கு ஆறு வளையங்களுக்குக் குறையக் கூடாது என்பது விதி; ஃபிரிலும் அதற்குக் குறைந்தவற்றை நான் தொடவில்லை. வேகமாக வளர்ந்த தோட்டத்து மரம் இந்தச் சோதனையிலேயே தோற்றுவிடும்.

அடுத்தது நார் ஓட்டம். சட்டத்தின் விளிம்பிலிருந்து நார் ஓர் அங்குலம் விலகுவதற்குள் நீளவாக்கில் குறைந்தது 15 அங்குலமாவது ஓடியிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கோடுகளை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். அவை வளையங்களின் கோடுகள், நார் வேறு திசையில் முறுக்கிப் போயிருக்கலாம். பேனா மையை ஒரு சொட்டு வைத்தால் அது நாரின் வழியே பரவிக் காட்டிக்கொடுக்கும். அதைவிட உறுதியான வழி, முனையிலிருந்து ஒரு துண்டை வாங்கி உளியால் பிளந்து பார்ப்பது. அறுப்புப் பொறுப்பில் இருப்பவர் புனலூர்க்காரர். நான் கேட்பதற்கு முன்பே ஒரு துண்டை வெட்டிப் பிளந்து, முறுக்கைக் காட்டி, "சாரே, இது நிலைக்கு மதி (போதும்), உங்க வேலைக்கு ஆகாது" என்று ஒதுக்கி வைத்தார். விற்கக்கூடிய மரத்தைத் தாமாகவே வேண்டாம் என்று சொல்லும் ஒருவர் இருப்பது ஒரு மரக்கடைக்கு மிகப் பெரிய தகுதி என்று நினைக்கிறேன்.

இன்னொரு குறையை மட்டும் அவர்கள் கவனிப்பதில்லை, கட்டட வேலைக்கு அது தேவையும் இல்லை. மரம் காட்டில் சாயும்போதோ பெருங்காற்றில் வளையும்போதோ உள்ளே நார்கள் நசுங்கி, நாருக்குக் குறுக்கே மயிரிழை போன்ற சுருக்கம் விழும். இப்படிப்பட்ட துண்டு ஸ்பாரில் இருந்தால், வளையும் முன் எச்சரிக்கை ஏதும் தராமல் முறியும். இழைத்த முகத்தின்மேல் டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்தால்தான் அது தெரியும். ஆகவே டார்ச்சும் ஒரு சிறிய இழைப்புளியும் கையோடு கொண்டுபோவது கட்டாயம். மில்லின் கொட்டகை வெளிச்சம் இதற்குப் போதாது.

அறுப்பிலும் எனக்கு நிறைவே. ஸ்பார் பலகையில் வளையங்கள் அகல முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்போதுதான் ஈரம் ஏறி இறங்கும்போது பலகை குவியாமல் தட்டையாக இருக்கும். இப்படி அறுத்தால் கழிவு கூடும் என்பதால் பெரும்பாலான மில்களில் மறுத்துவிடுவார்கள். இங்கே கழிவுக்கும் சேர்த்துக் கன அடி விலை போட்டுக்கொண்டு, கேட்டபடி அறுத்துக் கொடுத்தார்கள். பட்டை ரம்பத்தின் முன் சட்டத்தை வைத்த பிறகும் வெட்டு முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வளையம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டுதான் ஓட்டினார்கள். 13 அடி நீளத்தில் தடிமன் வேறுபாடு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குக்குள் நின்றது. கால் அங்குல விலாக் குச்சிகளை மட்டும் அவர்களிடம் அறுக்கக் கொடுக்காதீர்கள்; அந்த ரம்பத்தின் பல் அதற்கு ஏற்றதல்ல. பலகையாக வாங்கி வந்து வீட்டு மேசை ரம்பத்தில் அறுத்துக்கொள்வதே சரி.

இழைப்பு எந்திரத்தைப் பற்றி எனக்கு நல்ல கருத்து இல்லை. கத்தி மழுங்கியிருந்தது. மழுங்கிய கத்தி நாரை வெட்டாமல் நசுக்கி, முகத்தைக் கண்ணாடி போல் பளபளப்பாக்கிவிடும். அந்தப் பளபளப்புக்குள் பசை இறங்காது. நிலைக்கும் சன்னலுக்கும் இது பொருட்டல்ல. ஆனால் விமானத்தில் ஒவ்வொரு மூட்டும் பசையை நம்பியே நிற்கிறது. அறுத்த முகத்தோடு, எல்லாப் பக்கமும் எட்டில் ஒரு அங்குலம் கூடுதலாக வாங்கிக்கொண்டு, ஒட்டுவதற்குச் சற்று முன் வீட்டில் கூர்மையான இழைப்புளியால் இழைப்பதே நல்லது.

மில்லின் பெரிய பலவீனம் ஈரம். சூளையில் உலர்த்தியது என்று சொல்லித்தான் மரத்தை விற்கிறார்கள். கப்பலேறும் முன் அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் பக்கவாட்டுச் சுவர் இல்லாத கொட்டகையில், குற்றாலச் சாரல் நேராக அடிக்கும் காற்றில், மாதக்கணக்கில் கிடந்த மரம் அந்த உலர்வைத் தக்கவைத்துக்கொள்ளாது. விமான வேலைக்கு ஈரம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சோதனை எளிது: பலகையின் நடுப்பகுதியிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடை போட்டு, அடுப்பில் 100 முதல் 105 டிகிரி வெப்பத்தில் எடை மேலும் குறையாத நிலை வரும்வரை உலர்த்தி, இழந்த எடையை உலர்ந்த எடையால் வகுக்க வேண்டும். உலர்ந்த எடை 100 கிராமும் முந்தைய எடை 118 கிராமும் என்றால் ஈரம் 18 சதவீதம். ஆடி மாதத்தில் வாங்கிய என் துண்டுகள் ஏறத்தாழ அந்த நிலையில்தான் இருந்தன. பட்டறையின் உத்தரத்துக்கு அடியில், இடையிடையே ரீப்பர் வைத்து அடுக்கி, பங்குனி வெயில்வரை பொறுத்த பிறகே அவை 12-க்குள் இறங்கின. முனைகளில் மெழுகு பூசாதிருந்தால் வெடித்திருக்கும்.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மரத்தால் ஆன டி ஹாவிலண்ட் மொஸ்கிட்டோ விமானங்கள் சில, 1944-இல் இந்தியாவிலும் பர்மாவிலும் பறக்கும்போதே சிறகு பிரிந்து விழுந்தன. முதலில் நடந்த விசாரணை மழைக்கால ஈரத்தில் மரம் சுருங்கி விரிந்ததைக் காரணமாகக் கூறியது. பிந்தைய ஆய்வு தொழிற்சாலையில் மூட்டுகள் சரியாகப் பொருந்தாததைக் குற்றம் சாட்டியது. வீட்டில் கட்டுகிறவருக்கு இரண்டு முடிவுகளும் ஒரே அளவு முக்கியமானவை, ஏனென்றால் ஈர மரத்தில் இன்று பொருந்திய மூட்டு மரம் உலர்ந்த பின் பொருந்தாது.

ஒட்டுப்பலகையை (பிளைவுட்) இங்கே வாங்க வேண்டாம். அவர்களிடம் இருப்பது ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் வகை. கொதிநீரைத் தாங்கும் பசை கொண்டது, படகுக்கும் சமையலறைக்கும் நல்லது, ஆனால் விலாக்களின் மூலைத் தகடுகளுக்கு வேண்டிய பதினாறில் ஒரு அங்குலத் தடிமனில் அவர்களிடம் இல்லை, எடையும் அதிகம். விமானத் தர பிர்ச் ஒட்டுப்பலகையை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பசையும் அப்படியே. முன்பக்கத்துக் கடையில் விற்கும் வெள்ளைத் தச்சுப் பசை நீடித்த சுமையிலும் வெயில் சூட்டிலும் மெல்ல நழுவும். எபாக்சிப் பசையோ ரிசார்சினால் பசையோதான் வேண்டும்.

விலை நியாயமானதே. நிலைக்கு விற்கும் கன அடி விலையின்மேல் பொறுக்கி எடுப்பதற்காக ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கினார்கள். ஆட்களின் நேரத்தையும் அடுக்கைத் திரும்பக் கட்டும் வேலையையும் நினைத்தால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரசீது முறையாகத் தந்தார்கள். மரம் எந்த நாட்டிலிருந்து எந்தச் சரக்கில் வந்தது என்பதை எழுதித் தரக் கேட்டபோது மட்டும் தயங்கினார்கள். கட்டுமானப் பதிவேட்டில் மரத்தின் மூலத்தைக் குறித்து வைக்க வேண்டியிருப்பதால், விலை பேசும்போதே இதைச் சொல்லி வாங்கிக்கொள்வது நல்லது. 13 அடிப் பலகைகளை ஏற்றும்போது சிறிய சரக்கு வண்டியின் பின்னால் தொங்கவிடாமல், அடியில் நீளச் சட்டம் கொடுத்துக் கட்டி அனுப்பினார்கள். சொல்லாமலே செய்த அந்தக் கவனத்துக்கு நன்றி.

ஸ்பாருக்கும் நெடுஞ்சட்டங்களுக்கும் மரம் தேடுகிறவர்களுக்கு, சோதிக்கத் தெரிந்திருந்தால், இந்தப் பகுதியில் நான் பார்த்தவற்றுள் இதுவே சிறந்த மில். சோதிக்கத் தெரியாதவர், தெரிந்த ஆசாரி ஒருவரை அழைத்துப் போவதோடு, மேலே சொன்ன அளவுகளை எழுதியும் எடுத்துச் செல்ல வேண்டும். சாரல் முடிந்து, ஐப்பசி கார்த்திகை மழையும் ஓய்ந்து, தை மாசியில் செல்லுங்கள். வாங்குகிற மரத்தில் பாதி தேறினால் போதும் என்று கணக்கிட்டு, இரண்டு ஸ்பார் வேண்டுமென்றால் நான்குக்கு உரிய சட்டத்தைப் பொறுக்குங்கள்.