பழைய கணினியை மெய்நிகர் கணினியாக்க: டிஸ்க்டூவிஎச்டியா, டிடிரெஸ்க்யூவா?

ஈரோட்டில் சித்தப்பா நடத்தும் மஞ்சள் மண்டியின் கணக்கு முழுவதும் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடும் ஒரு பழைய மென்பொருளில் இருந்தது. அதை எழுதிக் கொடுத்தவர் தொழிலை விட்டே போய்விட்டார். எக்ஸ்பிக்கான ஆதரவும் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே அந்தக் கணினியை அப்படியே மெய்நிகர் கணினியாக்கி, அதாவது இன்னொரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினியாக்கி, அதற்கான விர்ச்சுவல்பாக்ஸ் என்ற நிரலில் ஓட்டுவதென்று முடிவு செய்தேன். "ஒரு சீட்டுக்கூடக் காணாமப் போகக் கூடாது கண்ணு" என்பதுதான் சித்தப்பா வைத்த ஒரே நிபந்தனை.

வட்டை நகலெடுக்கும் நிரல்களில் டிஸ்க்டூவிஎச்டி எளியது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிழல் நகல் (வட்டின் அந்தக் கணத்து நிலையின் பிரதி) எடுத்து, விஎச்டி என்ற மெய்நிகர் வட்டுக் கோப்பாகத் தரும். அதை விர்ச்சுவல்பாக்ஸ் நேரடியாகத் திறக்கும். வட்டு நலமாக இருந்தால் இதுவே போதும். எங்கள் 40 ஜிபி வட்டோ பாதி வழியில் 'டக் டக்' என்று தட்டத் தொடங்கியது. படிப்புப் பிழை காட்டி நகலெடுப்பு நின்றது. மறுபடி தொடங்கியபோதும் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது. குறை வட்டுடையது, மென்பொருளுடையது அன்று.

ஆகவே என் தேர்வு, பழுதான வட்டிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ. யூஎஸ்பியிலிருந்து லினக்ஸை ஏற்றி இயக்கினால், அது முதலில் நல்ல பகுதிகளை அள்ளிக்கொண்டு, படிக்க முடியாத இடங்களை ஒரு மேப் கோப்பில் குறித்து வைக்கிறது. இடையில் மின்சாரம் போனாலும் அந்தக் கோப்பை வைத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப்பட்டது, சாகக் கிடக்கும் வட்டை ஒரே முறை முழுதாகப் படித்துவிட்டு, அதன்பின் தொடவே வேண்டியதில்லை என்பதுதான். அது எடுத்துத் தந்த மூல நகலை அப்படியே வைத்துவிட்டு, விர்ச்சுவல்பாக்ஸோடு வரும் விபாக்ஸ்மேனேஜின் கன்வெர்ட்ஃபிரம்ரா கட்டளையால் அதிலிருந்து ஒரு விடிஐ கோப்பை (விர்ச்சுவல்பாக்ஸின் மெய்நிகர் வட்டு) உருவாக்கி, பழுதுபார்ப்பு அனைத்தையும் அதன்மீதே செய்தேன். ஒவ்வொரு முயற்சிக்கும் முன் மெய்நிகர் கணினியின் அப்போதைய நிலையை ஒரு ஸ்னாப்ஷாட்டாகச் சேமித்துக்கொண்டதால், தவறினால் பின்வாங்க முடிந்தது.

பின்வாங்கவும் வேண்டியிருந்தது. முதல் இயக்கத்திலேயே 0x0000007B என்ற நீலத்திரை வந்தது. வட்டை, புதிய இணைப்பு முறையான சாட்டா கட்டுப்பாட்டியில் இணைத்திருந்தேன். எக்ஸ்பியிடம் அதற்கான டிரைவர் இல்லை. பழைய முறையான ஐடிஇக்கு மாற்றியும் அதே திரைதான் வந்தது. பழைய மதர்போர்டு வியா சிப்செட் கொண்டது. விர்ச்சுவல்பாக்ஸ் காட்டுவதோ இன்டெல்லின் பிஐஐஎக்ஸ்4 சிப்செட்; பழைய டிரைவர் அதற்குப் பொருந்தவில்லை. எக்ஸ்பி குறுந்தகட்டின் பழுதுநீக்க நிறுவல்தான் இதைத் தீர்த்தது. இங்கே ஒரு எச்சரிக்கை: முதல் திரையில் தெரியும் 'ஆர்' மீட்புக் கட்டளைத் திரைக்குத்தான் கொண்டுபோகும். என்டரை அழுத்தி, எஃப்8ஆல் உரிமத்தை ஏற்றபின் வரும் இரண்டாவது 'ஆர்'தான் நமக்குரியது. அது கேட்கும் சாவி எண் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டப்பட்டிருந்தது.

விண்டோஸ் 7 கணினியில் இதை நான் செய்து பார்த்ததில்லை; எனவே அங்கும் இதே வழி பலிக்குமென்று உறுதி கூற மாட்டேன்.

எக்ஸ்பிக்கு ஆதரவு இல்லாததால், இப்போது மெய்நிகர் கணினியின் நெட்வொர்க்கை அமைப்பிலேயே அணைத்து வைத்திருக்கிறேன். மாலையில் ஏலக் கணக்கு முடிந்ததும் சித்தப்பா அதை ஷட்டவுன் செய்து, அந்த விடிஐ கோப்பையும் அதன் ஸ்னாப்ஷாட் கோப்புகளையும் சேர்த்தே வெளிவட்டுக்கு நகலெடுக்கிறார். மூல நகல் இருக்கும் இன்னொரு வட்டு வீட்டுப் பீரோவில் இருக்கிறது.