ட்ரீசில், யைலோ, ஹெம்செடால், ஹாஃப்யெல்: எந்த மலைக்கு யாரைக் கூட்டிப்போவது?

குளிர்கால விடுமுறைக்கு ஸ்கீ மையம் தேடும்போது எல்லாரும் முதலில் பார்ப்பது எத்தனை பாதை, எத்தனை லிஃப்ட் என்ற கணக்கைத்தான். தென் நோர்வேயின் இந்த நாலு மலைகளையும் பல பருவமாகப் பாவித்துப் பார்த்தால் அந்தக் கணக்கு பாதி வீண் என்று தெரியும். வீட்டில் ஆகக் குறைவாக ஸ்கீ தெரிந்தவர் யாரோ, அவருக்குத் தோதான மலைதான் எல்லாருக்கும் தோது. அவர் நடுச்சரிவில் குந்திவிட்டால் மற்றவர்களின் லிஃப்ட் காசும் போச்சு.

முதல் தடவை போகிறவர்களுக்கு ட்ரீசில். நோர்வேயின் ஆகப் பெரிய மையம். ஒஸ்லோவிலிருந்து காரில் இரண்டரை, மூன்று மணி நேரம். ஒரே மலையின் பல பக்கங்களில் பாதைகள் இறங்குவதால், ஒரு பக்கம் காற்று அடித்தாலும் இன்னொரு பக்கம் சறுக்கலாம். பச்சைப் பாதைகள் காட்டுக்குள்ளால் நீளமாகப் போகும். ஆல்ப்ஸுக்குப் போய்ப் பழகியவர்கள் கவனிக்க: இங்கே பச்சைதான் ஆக இலகு, அதற்குப் பிறகுதான் நீலம், சிவப்பு, கறுப்பு.

கார் இல்லாதவர்களுக்கு யைலோ. ஒஸ்லோ–பெர்கன் ரயில் ஊருக்குள்ளேயே நிற்கும். பள்ளத்தாக்கின் இரு புறமும் பாதைகள் உண்டு, ஆனால் ஸ்கீயிலேயே ஒரு புறத்திலிருந்து மறுபுறம் போக முடியாது, பஸ் வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் வெஸ்ட்லியா பக்கம் தங்குங்கள். நன்றாக ஸ்கீ ஓடத் தெரிந்த பதின்ம வயதுக்காரருக்கு இரண்டாம் நாளே அலுத்துவிடும்.

அவர்களுக்கு ஹெம்செடால். சுமார் 800 மீட்டர் உயர இறக்கம், உண்மையான செங்குத்து. மேற்பகுதி மரமில்லாத வெளி என்பதால் காற்று ஏறினால் முதலில் மூடுவது உச்சி லிஃப்டுகளைத்தான். பெர்கன் பக்கமிருந்து வருகிறவர்கள் மலை கடக்கும் 7ஆம், 52ஆம் இலக்கப் பாதைகளின் நிலையைப் புறப்பட முன் பார்க்க வேண்டும். புயலில் மூடுவார்கள், அல்லது பனி அகற்றும் வண்டிக்குப் பின்னால் வரிசையாக விடுவார்கள்.

ஹாஃப்யெல் 1994 ஒலிம்பிக்கில் ஸ்லாலம் நடந்த இடம், லில்லஹாமரிலிருந்து 15 கிலோமீட்டர். அடிவாரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 200 மீட்டர்தான். அதனால் இளஞ்சூடான குளிர்காலத்தில் கீழ்ப்பகுதி இயந்திரப் பனியும் கட்டிப்பட்ட ஐசுமாக இருக்கும். பழகுநர்கள் மேலே மொசெட்டர் பக்கம் வீடு எடுத்தால் அந்தக் கடைசி இறக்கத்தைத் தொடவே தேவையில்லை.

மலையைவிட வாரம் முக்கியம். ஒஸ்லோப் பள்ளிகளுக்கு ஆண்டின் 8ஆம் வாரம் (பெப்ரவரி பின்பகுதி) விடுமுறை, பெர்கனுக்கு 9. டென்மார்க்காரர் 7இலும் 8இலும் வந்து குவிவார்கள், சுவீடனில் யோத்தபொரிக்கு 7, ஸ்டொக்ஹோமுக்கு 9. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இல்லையென்றால் ஜனவரி நடுப்பகுதி மலிவு. குளிர் கூட, வெளிச்சம் குறைவு. டிசம்பர் கடைசியில் சூரியன் ஒன்பதுக்குப் பிறகு எழும்பி மூன்று மணி போல் போய்விடும். மார்ச் கடைசியில் வெளிச்சம் தாராளம், ஆனால் காலையில் ஐஸ், பின்னேரம் சேறுபோலப் பனி. பத்திலிருந்து ஒன்றுவரைதான் சுகம். டிசம்பரில் பதிவு செய்கிறவர்கள் மொத்தம் எத்தனை பாதை என்று பார்க்காமல், அன்று எத்தனை திறந்திருக்கிறது என்று பாருங்கள்.

நோர்டிக் மலைகளில் பழகுநரை விழுத்துவது சரிவல்ல, இழுவை லிஃப்ட். தலைகீழ் T போல ஒரு தடி பின்னால் வந்து உங்களை இழுக்கும். கதிரை என்று நினைத்து அதில் இருந்தால் தடி இறங்கிக்கொண்டே போகும், நீங்கள் பனியில் கிடப்பீர்கள். முழங்காலைச் சற்று மடித்து, ஸ்கீ இரண்டையும் தண்டவாளம்போல நேரே வைத்து, நின்றபடியே இழுபட வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையும் பெரியவரும் ஒரே தடியில் போனால் பெரியவருக்குத் தொடையில் பிடிப்பது பிள்ளைக்கு முதுகில் பிடிக்கும். நடுவில் விழுந்தால் எழும்ப முயலாமல் முதலில் பாதையை விட்டு உருண்டு விலகுங்கள், அடுத்த தடி வந்துகொண்டிருக்கும். ஆகவே வீடு எடுக்குமுன் வரைபடத்தில் பச்சைப் பாதைக்குப் போவது கதிரை லிஃப்டா, உருளும் பட்டியா, இழுவையா என்று பாருங்கள்.

வாடகைக் கடையில் அவசரப்படக்கூடாத ஒன்று சப்பாத்து. அளவு சென்டிமீட்டரில்: 26 சென்டிமீட்டர் பாதத்துக்கு 26. நிமிர்ந்து நின்றால் பெருவிரல் முன்பக்கம் தொட வேண்டும், முழங்காலை மடித்தால் விலக வேண்டும். காலுறை ஒன்றே ஒன்று. இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து இரத்த ஓட்டம் தடைப்படும், கால் இன்னும் விறைக்கும். உள்காற்சட்டையின் விளிம்பையும் சப்பாத்துக்குள் விடாதீர்கள். நிறையைக் குறைத்துச் சொல்லிப் பெருமைப்பட வேண்டாம்: விழும்போது ஸ்கீ கழன்றுவிழும் இறுக்கத்தை அந்த எண்ணை வைத்துத்தான் திருப்புகிறார்கள். பிள்ளைகளுக்கு வாடகை கட்டுமுன் விளையாட்டுச் சாமான் இரவல் தரும் உங்கள் நகரசபையின் பூவா (BUA) நிலையத்தில் கேளுங்கள், இலவசம்.

வெப்பநிலையை மட்டும் பார்த்து உடுக்க வேண்டாம். −15 பாகையில் வினாடிக்கு 10 மீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது −27. கன்னத்தில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் உடனே உள்ளே போங்கள், பனியால் தேய்க்காதீர்கள். முகிலில்லாத இரவுக்குப் பிறகு பள்ளத்தாக்கு மலையைவிடக் குளிராக இருப்பதும் உண்டு. கார் நிற்குமிடத்துக் குளிரைப் பார்த்துத் திரும்பிவிட வேண்டாம்.

வாடகை ஹித்தவில் (மலை வீட்டில்) படுக்கை விரிப்பும் துவாயும் பெரும்பாலும் விலையில் சேராது, கடைசித் துப்புரவும் அப்படியே. பதிவுப் பத்திரத்தில் அந்த இரண்டு வரியையும் தேடி வாசியுங்கள்.

சாப்பாட்டுக்கு மலை உணவகத்தை நம்பத் தேவையில்லை. கொண்டுவந்ததைச் சாப்பிட சூட்டறைகள் உண்டு, நோர்வேக்காரரே பாண் பொதியோடுதான் வருவார்கள். சோறும் கறியும் என்றால் வாயகன்ற தேர்மோசில், முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துவிட்டு நிரப்புங்கள். புட்டு வேண்டாம்; மதியத்துக்குள் கல்லாகிவிடும்.